பேரரத்தை மணமும் பாங்காக் நினைவும்

அயல்நாட்டு உணவு ஒன்றை வீட்டு அடுப்பில் சமைக்கும்போது, அந்நாட்டில் கழிந்த நாள்கள் எதிர்பாராத தெளிவோடு மனத்தில் எழுவதைப் பயணம் செய்தவர்களில் பலர் உணர்ந்திருப்பர். அந்நினைவுக்கான காரணத்தை அவர்கள் பெரும்பாலும் உணவின் சுவையில் தேடுகிறார்கள். நினைவாற்றல் ஆய்வும் நுகர்வுணர்வு ஆய்வும் கடந்த அரை நூற்றாண்டில் கண்டறிந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நாக்கைவிட மூக்குக்கும், உண்ணும் வேளையைவிடச் சமைக்கும் வேளைக்கும் இதில் பெரும்பங்கு இருப்பது தெரியவரும். அந்த உணவு பிறந்த மண் பயணிக்கு அயலானது என்பதே அந்நினைவின் வலிமைக்கு முதன்மைக் காரணம் என்று கருதவும் போதிய சான்றுகள் உள்ளன. இந்த அறிவியலை விளக்கத் தாய்லாந்தின் டாம் யம் குங் என்னும் இறால் சாற்றைவிடப் பொருத்தமான உணவு அரிது. ஏனெனில், அதன் அடையாளம் ஏறத்தாழ முழுவதும் மணத்தால் ஆனது. அதன் மணப்பொருள்களில் சில தமிழருக்கு வேறொரு வடிவத்தில் முன்பே அறிமுகமானவை.

நடுத் தாய்லாந்தின் ஆற்றங்கரைகளோடும் அங்கே கிடைக்கும் நன்னீர் இறால்களோடும் தொடர்புடைய டாம் யம் குங், 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கொதிக்கும் நீரில் நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டு, வில்லைகளாக நறுக்கிய பச்சைப் பேரரத்தைக் கிழங்கு, கையால் கிழித்த மக்ரூட் எலுமிச்சை இலை ஆகிய மூன்றையும் இட்டு, இறாலும் காளானும் சேர்த்து, நாம் பிளா எனப்படும் மீன் நொதிச்சாற்றால் உப்பேற்றி, இடித்த மிளகாயும் எலுமிச்சைச் சாறும் கலந்து இறக்குவது அதன் அடிப்படைச் செய்முறையாகும். பால் சேராத தெளிந்த வகை, வறுத்த மிளகாய் விழுதும் கெட்டிப்பாலும் சேர்ந்த கலங்கிய வகை என இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. முதலில் குறிப்பிட்ட மூன்று மணப்பொருள்களையும் உண்பவர் மெல்வதில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். வயிற்றுக்குப் போகாத பொருள்களே ஓர் உணவின் உயிராக இருக்கின்றன என்றால், அவை செயல்படும் இடம் நாக்கு அன்று என்பது தெளிவு.

நாக்கு அறியக்கூடியவை மிகச் சிலவே. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு, 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து இனங்காட்டிய உமாமி என்னும் ஐந்தாம் சுவையும் சேர்ந்து, ஐந்து அடிப்படைச் சுவைகளே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. தமிழ் மரபு அறுசுவையுள் வைக்கும் கார்ப்பு, அறிவியலின் கணக்கில் வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்புகளின் வேலையாகும். மிளகாயின் கேப்சைசின் என்ற பொருளுக்கு விடையளிக்கும் ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸின் குழு, அதே ஏற்பி ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் விடையளிப்பதைக் காட்டியது. ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை தவிர, உணவில் நாம் சுவை என்று சொல்லும் மற்ற அனைத்தும் மூக்கின் கொடையே. வாயில் உணவு மெல்லப்படும்போது அதிலிருந்து எழும் ஆவிகள் தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கை அடைகின்றன. இதைப் பின்வழி நுகர்வு என்பர். மூச்சை உள்ளிழுக்கும்போது முன்னிருந்து வரும் மணத்தை வெளியுலகில் உள்ளதாகவும், பின்வழியே வரும் மணத்தை வாயில் உள்ளதாகவும் மூளை பிரித்து உணர்கிறது என்பதை உளவியலர் பால் ரோசின் 1982இல் வலியுறுத்தினார். சமைக்கும்போது முன்வழியும் உண்ணும்போது பின்வழியும் மேலோங்குகின்றன என்ற இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளுக்கு இன்றியமையாதது.

மூக்கின் மேற்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள மென்படலத்தில் நுகர் நியூரான்கள் அமைந்துள்ளன. அவற்றின் ஏற்பிகளை உருவாக்கும் பெரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் செயல்படும் நுகர் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகைப்படும். மணங்களோ அதைவிடப் பன்மடங்கு. ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தூண்டுவதும், ஓர் ஏற்பி பல மணப்பொருள்களுக்கு விடையளிப்பதுமாக, ஏற்பிகளின் சேர்க்கையே ஒவ்வொரு மணத்துக்கும் அடையாளக் குறியாகிறது என்பதைப் பக்கின் குழு 1999இல் காட்டிய பிறகே, இவ்வளவு குறைந்த வகை ஏற்பிகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களை வேறுபடுத்த முடிவது எவ்வாறு என்பது விளங்கியது.

நினைவைப் பொறுத்தவரை, ஏற்பிகளைவிட முக்கியமானது அவற்றின் செய்தி செல்லும் பாதை. பார்வை, கேள்வி, தொடுகை ஆகிய புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியில் ஒருமுறை கைமாறிய பின்னரே மூளைப் புறணியை அடைகின்றன. நுகர்வுச் செய்தி மட்டும் அந்த இடைநிலையைக் கடக்காமல், நுகர்குமிழிலிருந்து நேராக நுகர் புறணிக்கும், உணர்ச்சிகளோடு நெருங்கிய தொடர்புடைய அமிக்டலாவுக்கும், ஹிப்போகாம்பஸின் வாயிலாக அமைந்த அண்டைப் பகுதிக்கும் செல்கிறது. கடல்குதிரை வடிவிலுள்ள ஹிப்போகாம்பஸ்தான், ஒரு நிகழ்ச்சியின் இடம், காலம், மனிதர், ஒலி, உணர்வு ஆகிய கூறுகளை ஒன்றாகப் பிணைத்து நினைவாக்கும் உறுப்பு. இத்தகைய நிகழ்வு நினைவை, பாங்காக் தாய்லாந்தின் தலைநகர் என்பது போன்ற பொதுஅறிவு நினைவிலிருந்து வேறுபடுத்தி 1972இல் வரையறுத்தவர் எண்டெல் டல்விங். நிகழ்வு நினைவு என்பது மனத்தளவில் காலத்தைப் பின்னோக்கிக் கடப்பது என்பதும் அவர் வளர்த்தெடுத்த கருத்தேயாகும். மணம் இந்த உறுப்பை எட்டுவதற்கு இடையில் மிகச் சில படிகளே உள்ளன.

நினைவின் ஒரு கூறு மட்டும் மீண்டும் கிடைத்தால், எஞ்சிய கூறுகளை ஹிப்போகாம்பஸ் தானே நிரப்பிக்கொள்ளும் என்ற கருத்தை 1971இல் டேவிட் மார் கணித வடிவில் முன்வைத்தார். வடிவ நிறைவு என்று பின்னர் பெயர் பெற்ற இச்செயலுக்கு எலிகளின் மூளையில் கிடைத்த சான்றுகள் அக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. வீட்டில் சமைக்கப்படும் டாம் யம், பாங்காக்கில் உண்டதைப் போலவே அமைவது அரிது: இறால் வேறு, நீர் வேறு, மிளகாயின் வகையும் வேறு. ஆயினும் எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் சேர்ந்தெழும் முதல் ஆவி போதுமானதாகி, படகுத்துறையின் இரைச்சலும் மாலை மழைக்குப் பின் நிலவிய புழுக்கமும் தெருவோரக் கடையின் உலோக மேசையும் கூடவே எழுந்துவிடுவதற்கு இந்த நிரப்பும் ஆற்றலே காரணமாக இருத்தல் வேண்டும். குறையுள்ள பிரதியும் நிறைவான நினைவைத் தரவல்லது.

பயணத்தில் முகர்ந்த மணம் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நினைவுக்கு உதவுமா என்பதைச் சோதிக்க, இங்கிலாந்தின் யார்க் நகரில் இயற்கையாகவே ஒரு வாய்ப்பு அமைந்தது. அந்நகரில் 1984இல் திறக்கப்பட்ட யோர்விக் வைகிங் மையம் என்னும் அருங்காட்சியகத்தில், பத்தாம் நூற்றாண்டு நகர வாழ்க்கையைக் காட்டும் காட்சிகளோடு எரிந்த மரம், மீன் சந்தை, தாரிட்ட கயிறு போன்றவற்றின் மணங்களும் செயற்கையாகப் பரப்பப்பட்டுள்ளன. ஜான் ஆகிள்டன், லூயிஸ் வாஸ்கெட் ஆகியோர், சராசரியாக 6 முதல் 7 ஆண்டுகளுக்கு முன்னர் அங்குச் சென்று வந்தவர்களை அழைத்து, காட்சிகளைப் பற்றிய வினாத்தாளை இருமுறை நிரப்பச் செய்தனர். முதல்முறை தொடர்பற்ற மணங்களையும் இரண்டாம்முறை அருங்காட்சியகத்தின் மணங்களையும் முகர்ந்தவர்களுக்கு, இரண்டாம்முறையில் நினைவு குறிப்பிடத்தக்க அளவு கூடியது என்று 1999இல் அவர்கள் வெளியிட்டனர். ஆய்வகத்துக்குள் கற்பிக்கப்பட்ட சொற்பட்டியலை விடுத்து, மெய்யான ஒரு சுற்றுலா நாளின் நினைவை அளந்தது என்பதால், இத்துறையில் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

நினைவைப் பதித்தபோது இருந்த சூழல் மீண்டும் அமையும்போது அதை மீட்பது எளிதாகும் என்ற பொதுவான கொள்கையை டல்விங்கும் டானல்டு தாம்சனும் 1973இல் வகுத்தனர். அதற்குப் பாடநூல்கள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1975இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் டங்கன் காடனும் ஆலன் பேட்லியும் முக்குளிப்பவர்களைக் கொண்டு நடத்திய சோதனையாகும்; நீருக்கடியில் கற்ற சொற்களை நீருக்கடியிலும், கரையில் கற்றவற்றைக் கரையிலும் அவர்கள் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆனால் 2021இல் இதே சோதனை மீண்டும் நடத்தப்பட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும். சூழல் முழுவதையும் ஒரே குறிப்பாகக் கொள்வது மிகப் பரந்த எண்ணம் என்றும், சூழலின் எந்தக் கூறு நினைவோடு இறுகப் பிணைந்திருக்கிறது என்பதே ஆராயத் தக்கது என்றும் இதிலிருந்து கொள்ளலாம்.

அவ்வாறு பிணைவதில் புதுமைக்கு உள்ள இடம் பெரிது. ஒரு குறிப்பு பல நினைவுகளோடு தொடர்புற்றிருந்தால், அவற்றுள் எந்த ஒன்றையும் மீட்டுத் தரும் ஆற்றல் அதற்குக் குறைந்துவிடும். நினைவாற்றல் ஆய்வாளர்கள் இதைக் குறிப்பின் சுமை மிகுதல் என்பர். வெங்காயம் வதங்கும் மணம் ஆயிரம் காலைப்பொழுதுகளுக்கு உரியது என்பதாலேயே, எந்தக் குறிப்பிட்ட காலைப்பொழுதையும் அது எழுப்புவதில்லை. மணத்தைப் பொறுத்தவரை முதல் தொடர்புக்கு மேலும் ஒரு சலுகை உண்டு: ஒரு மணத்தோடு முதலில் பிணைந்த நினைவு, பின்னர் அதே மணத்தோடு வேறொன்றைப் பிணைக்க முயலும்போது எளிதில் இடம் கொடுப்பதில்லை என்பதை ஹாரி லாலெஸ், டிரிக் எங்கன் ஆகியோர் 1977இல் காட்டினர். இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட மூளைப் படமெடுப்பு ஆய்வில், ஒரு பொருளோடு முதன்முதலாக இணைக்கப்பட்ட மணத்துக்கு ஹிப்போகாம்பஸில் தனித்த செயற்பாடு தென்பட்டது. முதன்முதலாக இணைக்கப்பட்ட ஒலிக்கு அத்தகைய சலுகை தென்படவில்லை.

இந்த விதி தமிழ் மூக்குக்கும் தாய்லாந்துச் சமையலுக்கும் இடையே எவ்வாறு செயல்படக்கூடும் என்று பார்ப்பது சுவையானது. பாட் கப்ராவ் என்ற தாய்லாந்து வதக்கலில் இறைச்சியோடு பெரும்பிடியாகச் சேர்க்கப்படும் இலை, தமிழ்நாட்டுத் துளசியின் இனமேயாகும். கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் அதிலும் உள்ளது. பெருமாள் கோயில் தீர்த்தத்தோடும் வீட்டு முற்றத்து மாடத்தோடும் குழந்தைப் பருவத்திலேயே பிணைந்துவிட்ட அம்மணத்தைப் பாங்காக்கின் தெருக்கடை தன்வசமாக்குவது கடினம். மக்ரூட் எலுமிச்சை இலையின் நிலை இடைப்பட்டது. நாரத்தை இலையை இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டியை உண்டு வளர்ந்தவர்களுக்கு அம்மணத்தின் ஒரு பகுதி பழக்கமானதாகத் தோன்றும். பேரரத்தையோ மிக வியப்பான நிலையில் நிற்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் சித்தரத்தையோடு சேர்ந்து உலர்ந்த கட்டையாகக் கிடைக்கும் அதே செடியின் கிழங்குதான் தாய்லாந்துச் சந்தையில் இளஞ்சிவப்பு முளையோடு பச்சையாக விற்கப்படுகிறது. ஆனால் உலரும்போது ஆவியாகும் எண்ணெய்களின் ஒரு பகுதி இழக்கப்படுவதாலும், பச்சைக் கிழங்கின் உறைப்புக்குக் காரணமான சேர்மம் நிலையற்றது என்பதாலும், கசாயத்தில் அறிந்த பேரரத்தையும் சாற்றில் அறியும் பேரரத்தையும் மூக்குக்கு இரண்டு வேறு பொருள்களாகின்றன. இம்மூன்று மணப்பொருள்களில் தமிழ்நாட்டுப் பயணிக்குப் பயண நினைவை மிகத் தூய்மையாகக் காக்கக்கூடியது பச்சைப் பேரரத்தையாகவே இருக்க முடியும் என்பது மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து பெறத்தக்க ஊகமாகும்.

மணத்தால் எழும் நினைவுகளுக்கும் சொல்லால் எழும் நினைவுகளுக்கும் வயது வேறுபடுகிறது என்ற கண்டுபிடிப்பும் இவ்விடத்தில் கருதத்தக்கது. சைமன் சூ, ஜான் டவுன்ஸ் ஆகியோர் முதியவர்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், சொற்கள் எழுப்பிய நினைவுகள் 11 முதல் 25 வயது வரையிலான காலத்தில் குவிந்திருக்க, மணங்கள் எழுப்பியவை 6 முதல் 10 வயதில் குவிந்திருந்தன. சுவீடனில் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006இல் இதையொத்த முடிவையே அடைந்தனர். உலகின் பெரும்பாலான மணங்களைக் குழந்தை முதன்முதலாகச் சந்திக்கும் பருவம் அது என்பதோடு இம்முடிவு பொருந்தி வருகிறது. வளர்ந்தவர்களுக்கு முற்றிலும் புதிய மணம் என்பது நாள்தோறும் கிடைப்பதன்று. பழகிய ஊரில் பல ஆண்டுகள் ஒன்றுகூட வாய்க்காமல் போகலாம். அயல்நாட்டுச் சந்தையில் நுழைபவர் ஒரே முற்பகலில் பத்துப் பன்னிரண்டு பெயரறியாத மணங்களை எதிர்கொள்கிறார். நுகர்வைப் பொறுத்தமட்டில் அவர் மீண்டும் சிறுவயதின் நிலைக்குத் திரும்புகிறார் என்பது மிகையான கூற்றன்று.

இனி, கிண்ணத்திலுள்ள உணவைவிடச் சமையல் ஏன் வலிய தூண்டுதலாகிறது என்பதைக் காணலாம். தாய்லாந்து உணவகம் எதிலும் டாம் யம் கிடைக்கும். ஆயினும் அங்கு அது முடிந்த பொருளாக, எல்லா மணங்களும் கலந்து ஒன்றான நிலையில் வந்து சேர்கிறது. சமைப்பவருக்கோ ஒவ்வொரு மணமும் தனித்தனியாக, தனக்குரிய வரிசையில், முன்வழி நுகர்வின் முழு வீச்சோடு வந்தடைகிறது. எலுமிச்சைப்புல்லின் எண்ணெய் அதன் திசுக்களிலுள்ள நுண்ணிய அறைகளில் அடைபட்டிருப்பதால், தண்டை முழுதாக வைத்து முகர்ந்தால் மணம் மங்கலாகவே இருக்கும். கல்லுரலில் ஓங்கி ஓர் இடி விழுந்தவுடன் அவ்வறைகள் உடைந்து, அந்த எண்ணெயின் பெரும்பகுதியாக உள்ள சிட்ரால் வெளியேறுகிறது. எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் சிறிதளவே இருந்துகொண்டு அதற்கு எலுமிச்சைத் தன்மையைத் தரும் பொருளும் இதுவே. மக்ரூட் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைக் கிழிக்கும்போது அவற்றிலிருந்து சிட்ரோனெல்லால் என்ற சேர்மம் கிளம்புகிறது. பேரரத்தையின் கிளர்ச்சியூட்டும் குளிர்மணத்துக்குப் பெரும்பங்களிக்கும் சினியோல், யூகலிப்டஸ் தைலத்திலும் ஏலக்காயிலும் உள்ள பொருளேயாகும்.

இவற்றின் கொதிநிலை நீரின் கொதிநிலையைவிட மிக உயர்ந்தது. ஆயினும் கொதிநீரின் ஆவியோடு அவையும் சேர்ந்து எழுகின்றன. வாசனைத் தைலங்களை வடிப்போர் பயன்படுத்தும் நீராவி வடித்தலின் விதிதான் பானையின் மேலும் செயல்படுகிறது. தலையைச் சற்றே குனிந்து நிற்கும் சமையற்காரரின் மூக்குக்கு ஈரமும் சூடும் மணமும் ஒருங்கே சேர்கின்றன; புழுக்கமான வெப்பமண்டல நகரின் காற்றும் அத்தகையதே என்பது நினைவின் ஒற்றுமையை இன்னும் நெருக்கமாக்கக் கூடும். அடுத்து மீன் நொதிச்சாறு வந்து சேரும்போது, சந்தையின் மீன் வரிசையை நினைவூட்டும் டிரைமெத்திலமீன் என்ற பொருள் ஒரு கணம் ஓங்கி எழுகிறது. இறுதியில், அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறு ஊற்றப்படும்போது, அமிலத்தோடு வினைபுரிந்து அப்பொருள் ஆவியாகாத உப்பாக மாறிவிடுவதால் மீன் நெடி அடங்கி, எலுமிச்சை மணம் மேலோங்குகிறது. கொதிக்கும்போதே சாற்றை ஊற்றினால் அதன் மெல்லிய மணங்கள் ஆவியோடு போய்விடும் என்பதாலேயே அது கடைசிப் படியாகிறது. கால் மணி நேரத்துக்குள் நிகழும் இந்த ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி, உணவு மேசையில் அமர்ந்திருப்பவருக்குக் கிட்டுவதேயில்லை.

மூக்கு விரைவில் சலித்துப்போகும் புலன் என்பதும் சமையலுக்குச் சாதகமாகிறது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதை உணர்வது மங்கிவிடும். இதைத் தகவமைவு என்பர். அடுப்பருகே நின்றவர் உண்ண அமரும்போது எலுமிச்சைப்புல்லின் மணம் அவருக்குப் பாதி தேய்ந்திருக்கும். நினைவு ஓங்கி எழும் கணம் உரலில் முதல் இடி விழுந்தபோதே கடந்திருக்கும். அதே சமயம், ஒவ்வொரு பொருளும் இடைவெளிவிட்டுச் சேர்க்கப்படுவதால், தேய்ந்த மணத்தின்மேல் தேயாத மணம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. பயணத்தின்போதே சமைக்கக் கற்றவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. செயலைச் சொல்லாகக் கேட்டவர்களைவிடக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அது மிகுதியாக நினைவில் நிற்கிறது என்பது 1980கள் தொட்டுப் பலமுறை உறுதிப்பட்ட முடிவு. சியாங் மாய் நகரில் பயணிகளுக்கெனப் பெருகியுள்ள சமையல் வகுப்புகளில் உரலையும் குழவியையும் பிடித்தவர்களின் கைகளும் நினைவின் பங்காளிகளாகின்றன.

இவ்வாறு எழும் நினைவு எந்த அளவுக்கு உண்மையானது என்ற கேள்வியைத் தவிர்த்துவிடக் கூடாது. 2002இல் ரேச்சல் ஹெர்ஸ், ஜோனதன் ஸ்கூலர் ஆகியோர், ஒரே பொருளைச் சொல்லாகவும் படமாகவும் மணமாகவும் தந்து ஒப்பிட்டபோது, மணம் எழுப்பிய நினைவுகள் உணர்ச்சி மிக்கவையாகவும், அந்தக் காலத்துக்கே கொண்டுசென்று நிறுத்தியதாகவும் உணரப்பட்டன; ஆனால் அவை மற்றவற்றைவிட விரிவானவையாகவோ தெளிவானவையாகவோ இருக்கவில்லை. 1932இல் பிரெடெரிக் பார்ட்லெட் விளக்கியதைப் போல, நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் வேலை. நினைவுகூரப்பட்ட நினைவு சிறிது நேரம் நெகிழ்ந்து, மீண்டும் பதியவேண்டிய நிலைக்கு வருகிறது என்பதற்கு, 2000இல் கரீம் நாடெரும் அவருடைய குழுவினரும் எலிகளின் அச்ச நினைவை ஆராய்ந்து சான்று தந்தனர். மனிதரின் பயண நினைவுகளுக்கு இதை அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும், உணர்ச்சியின் வலிமை விவரங்களின் துல்லியத்துக்கு உறுதிமொழி ஆகாது என்ற எச்சரிக்கை இங்கும் செல்லும். அடுப்படியில் திரும்பக் கிடைக்கும் பாங்காக்கில் பயணத்தின் களைப்பும் வயிற்றுக் கோளாறும் தொலைந்த பையும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அதனால் அந்நினைவின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. நாட்குறிப்பு செய்யவேண்டிய வேலையை மணத்திடம் எதிர்பார்க்காமல் இருந்தால் போதும்.

இதனினும் கவலைக்குரியது தேய்மானம். குறிப்பின் சுமை பற்றிய விதி, வீட்டில் அடிக்கடி சமைக்கப்படும் அயல் உணவையும் விட்டுவைப்பதில்லை. திரும்பி வந்த ஆர்வத்தில் வாரந்தோறும் டாம் யம் சமைக்கும் குடும்பத்தில், எலுமிச்சைப்புல்லின் மணம் சிறிது சிறிதாக அந்த வீட்டுச் சமையலறைக்கே உரியதாகிவிடும். முதல் தொடர்பு முற்றிலும் அழிவதில்லை என்றாலும், அதன்மேல் வார நாள்களின் படலம் ஏறிக்கொண்டே போகும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு எலுமிச்சைப்புல் செராய் என்றும், பேரரத்தை லெங்குவாஸ் என்றும் மலாய்ப் பெயர்களோடு பழகியவை. மலேசியாவின் உணவுக்கடைகளில் டோம் யாம் நெடுங்காலமாக அன்றாட உணவு. அவர்களுள் ஒருவருக்கு அதே பானையின் ஆவி பயணத்தை நினைவூட்டுவதற்கு மாறாக, தாய்வீட்டை நினைவூட்டும். நினைவு மணப்பொருளுக்குள் இருப்பதன்று, முகர்பவரின் வாழ்க்கை வரிசையில் இருப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே, பயண நினைவைக் காக்க விரும்புபவர்கள் அந்த உணவை அரிதாகச் சமைப்பதும், அதற்கு அடையாளமான மணப்பொருள் ஒன்றையேனும் மற்றச் சமையலில் கலவாமல் ஒதுக்கிவைப்பதும் அறிவுக்குப் பொருந்தும். மாற்றுப்பொருள்களைத் தேர்வதிலும் இதே அளவுகோல் பயன்படும்: இறாலுக்குப் பதில் காளானை மட்டும் இடலாம், நாம் பிளாவுக்குப் பதில் உப்பு இடலாம், உடலின் விருப்பத்துக்கேற்ப மிளகாயைக் குறைக்கலாம். ஆனால் பேரரத்தைக்குப் பதில் இஞ்சியை இட்டால், நாக்குக்குப் பெரிய வேறுபாடு தெரியாதபோதும், இஞ்சியோடு ஏற்கெனவே பிணைந்த தேநீரும் பொங்கலும் குறுக்கே வந்து நின்றுவிடும். பச்சைக் கிழங்கும் மக்ரூட் இலையும் கிடைக்காத ஊர்களில், உலர்த்தியவற்றைவிட உறையவைத்தவை மூல மணத்துக்கு நெருக்கமானவை; உலர்த்தும்போது நீரோடு சேர்ந்து வெளியேறும் எண்ணெய், உறையும்போது பெரும்பாலும் இலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் மூக்கு நலமாக இருத்தல் முதல் தேவை. கோவிட் தொற்றுக்குப் பின் நுகர்வை இழந்தவர்களில் பலர், உணவின் இன்பம் குன்றியதோடு, தம் கடந்த காலத்திலிருந்து தாம் துண்டிக்கப்பட்டதைப் போல உணர்ந்ததாகவும் கூறினர். நுகர்வுப் பாதைக்கும் நினைவுக்கும் உள்ள நெருக்கத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது. நுகர் நியூரான்கள் வாழ்நாள் முழுவதும் அழிந்து புதுப்பிக்கப்படுபவை என்பதால், மீட்சிக்கு இடமுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் தலைமையிலான குழு 2009இல் வெளியிட்ட நுகர்வுப் பயிற்சி முறையில், நுகர்வு குன்றியவர்கள் 12 வாரங்கள் நாளுக்கு இருமுறை நான்கு மணங்களை முகர்ந்தனர். பயிற்சி பெற்றவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது, அம்முறை இன்று பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகிறது. அந்நான்கில் ஒன்று ரோஜாவின் மணம் தரும் சேர்மம். எஞ்சிய மூன்றும், பேரரத்தையில் உள்ள சினியோல், மக்ரூட் இலையில் உள்ள சிட்ரோனெல்லால், தாய்லாந்துத் துளசியில் உள்ள யூஜினால் ஆகியவையே.